நாலு பேர்



இன்றைய நற்செய்திக்குள் போகும்முன் உங்களை ஒரு மலைப்பாதைக்கு அழைத்துப் போகிறேன். உங்களில் பலருக்குக் கால் பழகிய பாதைதான். வட்டக்கானலில் இறங்கி, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, வேரும் கல்லுமாகச் சரிந்து போனால் வெள்ளகவி. கொடைக்கானல் என்றொரு நகரம் உருவாகும் முன்பே இருந்த ஊர். 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் அங்கே தங்கிக்கொண்டுதான் மேலே ஏறிவந்து இந்த இடத்தை அளந்தார். பிறகு இங்கே நகரம் வந்தது, நகரத்துக்குச் சாலை வந்தது. வெள்ளகவிக்கோ தலைமுறை தலைமுறையாகச் சாலை வரவில்லை. அங்கே விளையும் காப்பியும் மிளகும் குதிரை முதுகில்தான் ஊரைவிட்டு வெளியே வந்தன. அந்த ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஊர் முழுவதுமே சாமி இருக்கும் மண் என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மூச்சு வாங்கும் சத்தம் முதலில் கேட்டது. அப்புறம்தான் ஆட்கள் தெரிந்தார்கள். இரண்டு கம்புகளுக்கிடையே கம்பளியைக் கட்டி, அதில் வயதான ஓர் அம்மாவைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர். தோளில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கம்பைத் தாங்கியிருந்தார்கள். துண்டு வேர்வையில் நனைந்து தோளோடு ஒட்டிக்கிடந்தது. பாசி பிடித்த பாறையில் அந்த அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

முன்னால் வந்த இளைஞனிடம், "உங்க அம்மாவா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சாமி. ஊர்க்காரம்மா" என்றான்.

அவ்வளவுதான் பதில். அதற்குமேல் அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் தோள் எரிந்தது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். தோள் மாற்றும்போது அவர்கள் டோலியைக் கீழே இறக்குவதில்லை. ஒரு தோள் விலகும் முன்பே இன்னொரு தோள் அடியில் நுழைந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த ஏற்றம் முழுவதிலும், "இந்த வயசுல இந்தம்மா ஏன் அந்தப் பாறைப் பக்கம் போச்சு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அன்பானவர்களே, நம் பேச்சில் "நாலு பேர்" என்று ஒரு சொல் உண்டு. "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்போம். "நாலு பேர் மெச்ச வாழணும்" என்போம். நம் வீடுகளில் கல்யாணம் நடப்பது அந்த நாலு பேருக்காக. கடன் வாங்குவதும் அந்த நாலு பேருக்காக. ஒரு பெண் விழுந்துவிட்டால் அவளை மூலையில் உட்கார வைப்பதும் அதே நாலு பேர்தான். வெள்ளகவிப் பாதையில் நான் பார்த்ததும் நாலு பேர்தான். ஆனால் அந்த நாலு பேரிடம் பேச்சு இல்லை, தோள் இருந்தது. நாம் எந்த நாலு பேர்? இன்றைய நற்செய்தி நம்மைக் கேட்பது இதைத்தான்.

பரிசேயர் சீமோன் வீட்டில் விருந்து. விருந்தாளிகள் பந்தியில் இருக்கிறார்கள். அழைக்கப்படாத ஒரு பெண் உள்ளே வருகிறாள். அந்த நகரில் பாவி என்று பெயர் எடுத்தவள் என்கிறார் லூக்கா. அவள் பெயர் என்ன, அவள் செய்த பாவம் என்ன என்பதை நற்செய்தியாளர் சொல்லவே இல்லை. ஊர் வைத்த பட்டம் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. கையில் விலையுயர்ந்த தைலம் இருக்கிறது. ஒரு காலத்தில் கையில் பணம் புழங்கியவளாக இருக்கலாம். அவள் யாரிடமும் பேசவில்லை. ஆண்டவரின் பின்னால், கால்மாட்டில் நின்று அழுகிறாள். கண்ணீர் அவர் கால்மேல் விழுகிறது. கூந்தலால் துடைக்கிறாள், முத்தமிடுகிறாள், தைலம் பூசுகிறாள்.

சீமோன் வாயைத் திறக்கவில்லை, மனத்துக்குள் பேசுகிறார். இவர் உண்மையான இறைவாக்கினராக இருந்தால் தம்மைத் தொடுகிறவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்திருக்குமே என்று. அன்று அந்த வீட்டில் "நாலு பேர்" என்பது சீமோனும் அவரோடு பந்தியில் இருந்தவர்களும்தான்.

அப்போது ஆண்டவர் ஒரு சின்னக் கதை சொல்கிறார். ஒருவரிடம் இரண்டு பேர் கடன்பட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஐந்நூறு தெனாரியம் கடன், மற்றவருக்கு ஐம்பது. ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் ஒருவர் கடன் 2,50,000 ரூபாய், மற்றவர் கடன் 25,000 ரூபாய். இருவராலும் கட்ட முடியவில்லை. இருவர் கடனையும் அவர் தள்ளுபடி செய்துவிட்டார். கவனியுங்கள், ஐம்பது கடன்பட்டவராலும் கட்ட முடியவில்லை! சீமோன் தம்மைக் கடன் கொடுத்தவர் என்று நினைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவர் அவரையும் கடன்காரர் வரிசையில் நிறுத்துகிறார்.

அதன்பின் ஆண்டவர் செய்வதுதான் இந்த நற்செய்தியின் உயிர். அவர் அந்தப் பெண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீமோனிடம் பேசுகிறார். கண் அவள்மேல், சொல் சீமோனுக்கு. இவளைப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். ஒரே அறைக்குள் இருந்தும் சீமோன் அவளை அதுவரை பார்த்திருக்கவில்லை. அவளைப் பற்றிய கதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைச் சிந்திக்கும்போது நம் தமிழ்நாடு பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். உங்களில் மூத்தவர்கள் அனைவரும் அவரை அறிவீர்கள். நடிகையர் திலகம் சாவித்திரி.

1955-இல் வெளிவந்த "மிஸ்ஸியம்மா" படத்தில் அவர் நம் கிறிஸ்தவப் பெண்ணாக, மேரியாக நடித்தார். அந்தக் கதை நினைவிருக்கிறதா? மேரி படித்தவள். அவள் குடும்பத்துக்குப் பணம் கொடுத்த ஒருவன், பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் என்னைக் கட்டிக்கொள் என்று நெருக்குகிறான். அந்தக் கடனை அடைப்பதற்காகவே அவள் வேலைக்குப் போகிறாள். வேலைக்காகக் கல்யாணமானவள்போல் நடிக்க வேண்டி வருகிறது. கடனும் கல்யாணமும் ஒரு பெண்ணின் கழுத்தைச் சேர்ந்தே இறுக்குவதை அந்தப் படம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. திரையில் மேரியின் கஷ்டம் தீர்ந்தது.

திரைக்கு வெளியே அப்படி நடக்கவில்லை. 1952-இல், ஏற்கெனவே மணமான ஒரு நடிகரைச் சாவித்திரி மணந்தார். அந்தத் திருமணம் சில காலம் வெளியே தெரியாமல் வைக்கப்பட்டது. "பாசமலர்", "நவராத்திரி", "கை கொடுத்த தெய்வம்" என்று புகழும் செல்வமும் குவிந்தன. சென்னையில் பெரிய வீடு. வீட்டு வாசலில் எப்போதும் கூட்டம். கேட்டவருக்கு இல்லை என்னாத கை. போர்க்கால நிதிக்காகப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியைச் சந்தித்தபோது, அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று இன்றும் சொல்வார்கள். பிறகு தாமே படம் எடுத்தார், இயக்கவும் செய்தார். 1971-இல் அவர் தயாரித்து இயக்கிய "பிராப்தம்" ஓடவில்லை. கடன் ஏறியது. வருமான வரி நெருக்கடி வந்தது. மணவாழ்வு உடைந்தது. சொத்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. வலியை மறக்க மதுவைப் பிடித்தார், பிறகு அது அவரைப் பிடித்துக்கொண்டது. நீரிழிவு நோயும் சேர்ந்தது. கடைசியில் நினைவிழந்து ஏறக்குறைய 19 மாதங்கள் படுக்கையில் கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று இறந்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. நாம் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஏழைக் குழந்தைக்கு விழா எடுத்த மறுநாள் அது.

அவர் தவறே செய்யவில்லை என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. சீமோன் வீட்டுக்கு வந்த பெண்ணும் பாவமற்றவள் என்று ஆண்டவர் சொல்லவில்லையே. அவளுடைய பாவங்கள் பல என்று அவரே சொன்னார். நான் சொல்ல வருவது வேறு. வாசலில் நின்ற கூட்டம், வாங்கிக்கொண்டு போன கைகள், கடனும் நோயும் வந்தபோது எத்தனை பேர் டோலிக் கம்பைப் பிடித்தார்கள்? 2018-இல் அவருடைய வாழ்க்கை படமாக வந்தது. அவர் இறந்து 36 ஆண்டுகள் கழித்து, சீட்டு வாங்கி உட்கார்ந்து, இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். உயிரோடு இருந்தபோது "அவ குடிக்கிறாளாம்" என்று பேசிய அதே ஊர்தான் அழுதது. செத்த பிறகு வரும் கண்ணீரால் யாருடைய காலும் நனைவதில்லை, அன்பானவர்களே.

சாவித்திரி தூரத்து நட்சத்திரம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பீடத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு நம் கோயிலின் சாவித்திரிகளும் தெரிகிறார்கள். ஒரு சகோதரி இரண்டாவது பெஞ்சில் உட்காருவார், முதல் வாசகம் வாசிப்பார். சில மாதங்களில் கடைசி பெஞ்சுக்குப் போனார். அப்புறம் வாசல் படிக்கட்டு. அப்புறம் வருவதே நின்றது. கடைசியாக நற்கருணை வாங்க வந்தபோது சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். குளிர் என்று நினைத்தேன். நாக்கை நீட்டக் குனிந்தபோது தலைப்பு விலகியது. தாலிக்கொடி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு. கொடி அடகுக் கடையில். அந்தக் கயிற்றை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அவர் ஆண்டவரின் பந்தியையே விட்டுவிட்டார். அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்று அவர் நினைத்திருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கொடி எப்படிப் போனது என்று விசாரித்தால் நம் எல்லார் வீட்டுக் கதையும் அதில் இருக்கும். மகளுக்கு வயது ஏறுகிறது, நாலு பேர் கேட்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதைப் போடுங்க" என்கிறார்கள். இந்த வார்த்தை ஒரு வீட்டை எரிக்கப் போதும். நிலத்துப் பத்திரம் போகிறது. மண்டபம், சாப்பாடு, சீர், வீடியோ என்று செலவு கையை மீறுகிறது. பத்துப் பவுன் போட்ட இடத்தில் ஊர் பதினைந்தா என்று கேட்கிறது. கல்யாணம் முடிந்த மறு வாரமே வட்டி வாசலில் நிற்கிறது. அதை அடைக்கக் குழு லோன். குழு லோனை அடைக்க இன்னொரு குழு லோன். அதை அடைக்கக் கந்துவட்டி. பல வீடுகளில் லோன் பெண்ணின் பெயரில் இருக்கும், பணம் போனதோ கணவர் கைக்கோ அண்ணன் கைக்கோ. கையெழுத்துப் போட்டவள் மட்டும் மாட்டிக்கொள்கிறாள்.

குழு லோன் எப்படி வசூலாகிறது என்று பாருங்கள். காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்கள் வரிசையாக உட்கார வேண்டும். ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவளுக்காகக் கட்ட வேண்டும். அதுவரை யாரும் எழுந்து போக முடியாது. தோட்ட வேலைக்கு நேரமாகிறது, பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியே, "உன்னால நாங்க ஏன்டி கஷ்டப்படணும்?" என்று கேட்க ஆரம்பிக்கிறாள். இந்தக் கடனுக்கு நகை அடமானம் கிடையாது, பத்திரம் கிடையாது. பெண்ணின் மானம்தான் அடமானம். நாலு பேருக்குப் பயப்படும் நம் மனத்தை அறிந்து கட்டிய ஏற்பாடு அது.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவன், மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே மாண்டுபோனது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தது, அந்தக் குடும்பத்துக்கு ஒரு தோள் இருக்கவில்லை.

நாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகதலா மரியா என்றதும் உங்கள் மனத்தில் என்ன வருகிறது? இன்றைய நற்செய்தியில் அழுத பெண் அவர்தான் என்று பலர் நினைக்கிறோம். விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில்தான் லூக்கா அவர் பெயரைச் சொல்கிறார். ஆண்டவரால் நலம் பெற்று, யோவன்னா, சூசன்னா ஆகியோரோடு தம் சொந்த உடைமையால் ஆண்டவருக்கும் சீடருக்கும் உதவியவர் அவர். 591-ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரி ரோமையில் ஆற்றிய ஒரு மறையுரையில் இந்த இரு பெண்களையும் ஒருவராக்கிப் பேசினார். அவர் மாபெரும் புனிதர், தீய எண்ணத்தோடு சொன்னவர் அல்லர். ஆனாலும் அந்தச் சொல் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஒரு பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1969-இல் திருவழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது திருச்சபை அதைச் சரிசெய்தது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். ஒரு புனிதரின் வாயிலிருந்து வந்த சொல்லுக்கே திரும்பி வர இத்தனை நூற்றாண்டு ஆகிறது என்றால், தண்ணீர்க் குழாயடியில் நாம் சொல்லிவிட்டுப் போகும் சொல் எப்போது திரும்பும்?

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? மாற்கு நற்செய்தியில் ஒரு முடக்குவாதமுற்றவரை ஆண்டவரிடம் தூக்கி வந்தவர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கையை மாற்கு குறித்து வைத்திருக்கிறார். நாலு பேர்! கூட்டம் வழிவிடவில்லை என்றதும் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் அந்த நாலு பேரின் நம்பிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் படுத்துக் கிடந்தவரின் பாவத்தை மன்னித்தார். ஆகவே நானும் நாலு தோள் கேட்கிறேன்.

முதல் தோள், வாயைக் காப்பது. விழுந்தவளைப் பற்றிய பேச்சு உங்கள் முன்னால் வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். "எனக்கு அது தெரியாது, அவங்க எப்படி இருக்காங்கன்னு போய்ப் பார்க்கலாமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சு நின்றுவிடும்.

இரண்டாவது தோள், கல்யாணத்தின் பாரத்தைக் குறைப்பது. வரதட்சணை 1961-லிருந்து சட்டப்படி குற்றம். அதற்கும் முன்பே அது பாவம். ஓலை வாசிக்க என்னிடம் வரும் மாப்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், இந்தப் பீடத்தின் முன் நீங்கள் கை பிடிப்பது ஒரு பெண்ணை, அவள் அப்பாவின் நிலத்தை அல்ல. புனித நிக்கோலாசை நாம் அறிவோம். சொத்தெல்லாம் இழந்து மூன்று பெண்களைக் கரையேற்ற முடியாமல் தவித்த தகப்பனின் வீட்டுக்கு அவர் இரவில் போய், ஜன்னல் வழியாகப் பொன்முடிப்பைப் போட்டுவிட்டு வந்தார் என்பது மரபு. அவர் கொடுத்தது பெரிது. யாரும் பார்க்காமல் கொடுத்தது அதைவிடப் பெரிது. வசதி உள்ளவர்கள் உங்கள் வீட்டுக் கல்யாணத்தை எளிமையாகச் செய்யுங்கள். நீங்கள் ஐம்பது பவுன் போட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் கூலிக்காரர் வீட்டில் ஐந்து பவுனுக்குக் கடன் பிறக்கிறது.

மூன்றாவது தோள், கடனிலிருந்து கைதூக்குவது. கணவனை இழந்த ஒரு பெண் எலிசாவிடம் வந்து அழுத கதை அரசர்கள் இரண்டாம் நூலில் இருக்கிறது. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக இழுத்துப்போக நிற்கிறான். வீட்டில் கொஞ்சம் எண்ணெய் மட்டுமே இருக்கிறது. அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரங்களை நிறைய இரவல் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயை ஊற்றச் சொல்கிறார் எலிசா. பாத்திரமெல்லாம் நிறைந்தது. விற்றுக் கடனை அடைத்தாள், மீதியில் பிழைத்தாள். அண்டை வீட்டார் பணம் கொடுக்கவில்லை, காலிப் பாத்திரம்தான் கொடுத்தார்கள். அதுவும் இல்லாமல் அற்புதம் நடந்திருக்காது. கதவு சாத்தியிருந்ததையும் கவனியுங்கள். ஏழையின் கஷ்டம் ஊருக்குக் காட்சியாகக் கூடாது. நம் வின்சென்ட் தே பவுல் சபையும் ஒவ்வொரு அன்பியமும், அடகில் மூழ்கப்போகும் ஒரு தாலிக்கொடியை மீட்க வட்டியில்லாமல் கைமாற்று கொடுக்க முடியாதா? யாருக்குக் கொடுத்தோம் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டாம்.

நான்காவது தோள், கூடப் போவது. சட்டம் தெரியாததால்தான் பாதிப் பயம். குழு லோன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டக் கூடாது, கேவலமாகப் பேசக் கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் நம் சட்டமன்றமும் தனிச் சட்டம் நிறைவேற்றியது. கணவன் வீட்டில் கொடுமை என்றால் பெண்கள் உதவி எண் 181. வாழவே வேண்டாம் என்று மனம் சோர்ந்தால் 104-க்கு எந்த நேரமும் பேசலாம். ஆனால் எண் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் ஒரு பெண் தனியாகப் போவது வேறு, நாலு பேரோடு போவது வேறு. நான் வர வேண்டுமென்றால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்.

இப்போது, இந்தக் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்து, இதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று தலைகுனிந்திருக்கும் சகோதரியிடம் பேசுகிறேன். நிமிர்ந்து பாரம்மா. நம் மலையின் சலேத் மாதாவைப் பார். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு அன்னை காட்சி கொடுத்தபோது எப்படி இருந்தார் தெரியுமா? கல்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். அடுப்பங்கரையில் நீ உட்காரும் அதே கோலம். விண்ணக அரசியே அப்படி அழுதிருக்கும்போது உன் கண்ணீரில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கடன்பட்டது உன் பெயரை அழித்துவிடாது. ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தில், குற்றங்களை மன்னியும் என்று நாம் கேட்கும் இடத்தில் மத்தேயு எழுதிய மூலச் சொல்லுக்குக் கடன் என்றே பொருள். நாங்கள் எல்லாருமே கடன்காரர்கள் என்று சொல்லித்தான் தினமும் வானகத் தந்தைமுன் நிற்கிறோம். உன் இடம் இன்னும் அந்த இரண்டாவது பெஞ்சில் காலியாகத்தான் இருக்கிறது. மஞ்சள் கயிற்றோடு வா. ஆண்டவர் உன் கழுத்தைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார்.

சீமோன் வீட்டில் அந்தப் பெண்ணை ஆண்டவர் அமைதியோடு போகச் சொல்லி அனுப்பினார். அவள் எங்கே போனாள் என்று நற்செய்தி சொல்லவில்லை. மன்னிப்புப் பெற்ற பிறகும் அவள் திரும்பிப் போக வேண்டியது அதே நகரம்தான், அதே தெருதான். அந்தத் தெருவில் அவளுக்குக் கதவு திறந்தார்களா, பட்டப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களா? அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டிருப்பது நமக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். அவள் திரும்பி வரும் தெரு நம் தெரு.

ஒருநாள் நம் ஒவ்வொருவரையும் நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கு ஊரே வரும், கூப்பிடாமலே வரும். அந்தத் தோளை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கத்தான் ஆண்டவர் கேட்கிறார். இந்த வாரம் உங்கள் தெருவில் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஏன் விழுந்தாள் என்று கேட்காதீர்கள். உனக்கு அவள் யார் என்று எவராவது கேட்டால், வெள்ளகவிப் பாதையில் அந்தத் தம்பி சொன்ன பதிலைச் சொல்லுங்கள். "ஊர்க்காரம்மா."

தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே. ஆமென்.